மூட்டை விழும் தாளத்தில் ஐந்து குரல்கள்

காலை 6.10. சென்னை ரயில் என்னைத் தஞ்சாவூரில் இறக்கிவிட்டது. வெளியே நின்ற ஆட்டோக்காரர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில், "பெரிய கோயிலா மேடம்?" என்றார்கள். கூத்தாநல்லூர் என்றேன். இருவருக்கு அந்த நிமிடமே என் மேல் இருந்த அக்கறை போய்விட்டது. மூன்றாமவர் புதிய பேருந்து நிலையத்துக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லாமல் ஏறி உட்கார்ந்தேன். "அங்க என்ன மேடம் பாக்கப் போறீங்க?" என்றார். "பாக்க இல்லைங்க, ஒரு சத்தத்தைக் கேக்கப் போறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் பேச்சுக் கொடுக்கவில்லை.

சொல்லப்போனால் எனக்கே அது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. இருபது ஆண்டுகளாகப் பயணக் கட்டுரை எழுதுகிறேன். கோயிலுக்குப் போயிருக்கிறேன், அருவிக்குப் போயிருக்கிறேன், நல்ல மீன் குழம்புக்காக இருநூறு கிலோமீட்டர் போயிருக்கிறேன். ஒரு தாளத்துக்காக இதுவரை போனதில்லை. சென்ற மாதம் சபீர் என்ற வாசகர் எழுதியிருந்தார்: "எங்க பக்கம் வர்ற எல்லாரும் கோபுரத்தைப் பாத்துட்டுப் போயிடறாங்க அக்கா. நீங்க ஒரு நாள் வந்து எங்க சத்தத்தைக் கேட்டுட்டுப் போங்க." கூடவே ஒன்றரை நிமிட ஒலித்துண்டு. கனமாக எதுவோ விழுகிற 'தொம்', அதற்கு மேல் ஏதோ ஒரு சலசலப்பு. சமையலறையில் அதைப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கினேன். கத்தி தானாகத் தாளத்துக்குப் போனது. பயணச்சீட்டு எடுத்துவிட்டேன்.

6.55. மன்னார்குடிக்குத் தனியார் பேருந்து. கட்டணம் முப்பது ரூபாய், தூரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். குறுவை அறுவடை முடிகிற சமயம். வடுவூர் தாண்டியதும் சாலையின் ஒரு பாதியை நெல் பிடித்துக்கொண்டுவிட்டது. காயப்போட்ட நெல்லுக்குக் காவலாகக் கல்லும் செடியும் வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் நெல்லுக்கு வழிவிட்டு, எதிரே வரும் லாரியோடு முறைத்துக்கொண்டு ஓட்டினார். நெல் மேல் ஏற்றுவதைவிட லாரி மேல் ஏற்றுவது மேல் என்று முடிவு செய்தவரைப் போல இருந்தது. மன்னார்குடியில் ஒரு டீ குடித்துவிட்டு, திருவாரூர்ப் பேருந்தைப் பிடித்தேன்.

9.20. கூத்தாநல்லூர். உயரமான வீடுகள், வெளிநாட்டில் சம்பாதித்துக் கட்டிய மாடிகள், பாதிக்கு மேல் பூட்டிய ஜன்னல்கள். கடைத்தெருவில் செல்பேசி உறை விற்கும் கடை சபீருடையது. முப்பத்து நான்கு வயது. துபாயில் ஒரு விடுதியில் எட்டு ஆண்டுகள் ஒலிபெருக்கி வேலை பார்த்துவிட்டு வந்தவர். "முதல்ல சாப்புடுங்க, அப்பறம் கேளுங்க" என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய மனைவி இடியாப்பமும் கறி ஆணமும் வைத்தார். ஆணம் என்பது குழம்புதான். ஆனால் நான் வைக்கும் குழம்பை அந்தப் பெயரால் அழைக்க இனி எனக்குத் துணிவு வராது.

கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் ஒலிப்பதிவுக் கூடம். சுவர் முழுக்கக் கம்பளி. பூப்போட்ட, புலி போட்ட, கனத்த வெளிநாட்டுக் கம்பளிகள். "இந்த ஊருல ஒவ்வொரு வீட்லயும் பரண்ல நாலு கம்பளி இருக்கும் அக்கா. இந்த வெயில்ல யாரு போத்திக்குவா? எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கி மாட்டிட்டேன். வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது" என்றார் சபீர். வெளிச் சத்தம் வராது, காற்றும் வராது. புலி என்னையே பார்க்க, வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

துபாயில் சபீரோடு ஒரே அறையில் தங்கியவர் ஒரு ஜமைக்காக்காரர். அவர் சொல்லிக்கொடுத்ததுதான் இந்த முறை. டான்ஸ்ஹால் என்பது அவர்கள் ஊர் ஆட்ட இசை. அதில் பாடல் வேறு, தாளம் வேறு. தாளத்தை ஒருவர் தனியே செய்து அதற்கு ஒரு பெயர் வைப்பார். அதுதான் ரிடிம். அதே ரிடிமை ஐந்து பேருக்கோ பத்துப் பேருக்கோ கொடுப்பார். ஒவ்வொருவரும் தன் சொல்லில், தன் ராகத்தில் பாடுவார்கள். எல்லாம் ஒரே நாளில் ஒரே கட்டாக வெளியாகும். எது உசத்தி என்று ஊர் சண்டை போட்டுக்கொள்ளும்.

"இந்த 'தொம்' எதோட சத்தம் தெரியுதா?" என்று கேட்டார் சபீர். தவில் என்றேன். இல்லை. பரோட்டாக் கல் என்றேன். சிரித்தார். "நெல்லு மூட்டை அக்கா. நாப்பது கிலோ. கொள்முதல் நிலையத்துல தோள்லேர்ந்து எறக்கறப்போ விழற சத்தம். மேல சலசலன்னு வர்றது நெல்லு தூத்தற மெஷின். பேரே மூட்டை ரிடிம்தான்."

ஐந்து பேர் பாடியிருந்தார்கள். நான்கைப் போட்டுக் காட்டினார். நஸ்ரீன் என்ற கணக்கு டீச்சர், வகுப்பில் திட்டுவது போலவே படபடவென்று பொரிந்தார். தஞ்சாவூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் சுற்றுலாப் பயணிகளைக் கேலி செய்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அறுவடை இயந்திரத்தோடு ஆத்தூரிலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவர், வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தையைப் பாடியிருந்தார். நான்காவது குரல் வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்யும் பூங்கோதை. "உப்பு வெளையிற ஊருல தண்ணி வாங்கிக் குடிக்கிறோம்" என்று தொடங்கினார். அழுகை இல்லை, கோபம் இல்லை. கடைக்காரரிடம் விலை கேட்கிற மாதிரியான குரல். ஒரே மூட்டைதான் நான்கிலும் விழுந்தது. ஆனால் நான்கும் நான்கு ஊராக இருந்தன.

ஐந்தாவதைப் போடுவதற்குள் சபீரின் செல்பேசி அடித்தது. நேரம் 11.05. எடுத்தவர் முகம் வெளுத்துவிட்டது. எதிர்முனைக் குரல் கம்பளியைத் தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"என்னப்பா, எனக்குக் குடுத்த மெட்டை வேதாரண்யத்துலயும் வித்திருக்க? என் பாட்டை அழிச்சுடு. என் குரல் எங்கயாவது கேட்டுது, நடக்கறதே வேற!"

ஐந்தாவது குரலுக்குச் சொந்தக்காரர், பட்டுக்கோட்டை ராஜமாணிக்கம். ஐம்பத்தாறு வயது. தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கும் தொழிலாளி. மாலையானால் மெல்லிசைக் குழுவில் பாடகர். பூங்கோதை பாட்டின் அரை நிமிடத்தைச் சபீர் முந்தின நாள் தன் வாட்சப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு வந்த கோபம் இது.

"அவர்கிட்ட சொல்லவே இல்லையா, அஞ்சு பேரு பாடறாங்கன்னு?" என்றேன்.

சபீர் தலையைச் சொறிந்தார். "அங்க ரிடிம்னு சொன்னாலே எல்லாருக்கும் புரியும் அக்கா. அந்தப் பழக்கத்துல இங்கயும் சொல்லாம வுட்டுட்டேன். நெல்லு மூட்டைன்னு வெளக்கினேன், மெஷின்னு வெளக்கினேன், இதைச் சொல்லலை. தப்பு என்னோடதுதான்."

எட்டு ஆண்டுகள் வெளியூரில் இருந்தால் என்ன மறக்கும் என்று பாருங்கள். நம் ஊரில் மெட்டோ தாளமோ, அது தாலி மாதிரி. ஒருவருக்குக் கட்டியதை இன்னொருவருக்குக் கட்டினால் கேட்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை ஐந்து பாட்டும் வெளியாக வேண்டும். இன்று செவ்வாய். "அவரை விட்டுட்டு நாலா விடலாமே" என்றேன். சபீர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரை அவமானப்படுத்திட்டு வெளியிட்டா அது நல்லா இருக்காது அக்கா. அவரு வேணாம்னு சொன்னா மொத்தத்தையும் நிறுத்திடுவேன்." ஒலிவாங்கியையும் மடிக்கணினியையும் பையில் போட்டுக்கொண்டார். நானும் கிளம்பினேன். கட்டுரைக்கு வந்த இடத்தில் பஞ்சாயத்துக்குப் போகிறேனே என்று இருந்தது. ஆனாலும் ஆர்வம் விடவில்லை.

பகல் 12.15. மன்னார்குடி போய், மதுக்கூர் வழியாகப் பட்டுக்கோட்டைப் பேருந்து. மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். மதுக்கூர் நெருங்க நெருங்க நெல் குறைந்து தென்னை வந்தது. புயலில் சாய்ந்த தோப்புகளில் அதற்குப் பின் வைத்த கன்றுகள் இப்போது குலை தள்ளி நிற்கின்றன. ராஜமாணிக்கத்தின் பாட்டு இதைப் பற்றியதுதானாம். "சாஞ்சது சாஞ்சு போச்சு, குழியை வெட்டுடா" என்று தொடங்கும் என்றார் சபீர். வழி நெடுக அவர் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "அண்ணே, நீங்க பெரியவங்க... இல்ல அக்கா, 'அண்ணே, தப்புதான்'னு ஆரம்பிக்கவா?" பின்னிருக்கையிலிருந்த பெரியவர், "காலைத் தொட்டுரு தம்பி, வேலை முடிஞ்சுது" என்றார். என்ன விவகாரம் என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்லும் ஆட்கள் எல்லாப் பேருந்திலும் இருக்கிறார்கள்.

2.50. பட்டுக்கோட்டை. பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் தலைக்குப் பதினைந்து ரூபாய். வாசலில் தேங்காய் மட்டைக் குவியலோடு தகரக் கூரை வீடு. ராஜமாணிக்கத்தின் மனைவி வசந்தா, பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்பவர், அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். "வாங்க, உள்ள வாங்க. காலைலேர்ந்து சாப்புடலை அவரு. நீங்களாச்சு, அவராச்சு" என்றார்.

உள்ளே சுவரில் ஒரு பழைய விளம்பரத் தட்டி மாட்டியிருந்தது. புகழ்பெற்ற ஒரு சினிமாப் பாடகரின் பெயருக்கு முன்னால் 'குட்டி' சேர்த்து, கீழே ராஜமாணிக்கத்தின் படம். அவருடைய சொந்தப் பெயர் அதில் எங்கும் இல்லை.

அவர் வாசல் ஓரத்துக் கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். சபீர் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "அண்ணே..." என்றதோடு நின்றுவிட்டார். வசந்தாதான் தொடங்கினார்.

"ஏங்க, ஒரு மெட்டுல அஞ்சு பேரு பாடினா என்னவாம்? போன பஞ்சாயத்து எலெக்ஷன்ல ஒரே சினிமா மெட்டுல மூணு சின்னத்துக்கும் நீங்கதானே பாடிக் குடுத்தீங்க? மூணு ஆட்டோவும் நம்ம தெருவுலயே எதிரும் புதிருமா வந்து நின்னுச்சே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜமைக்காவுக்கெல்லாம் போகவே வேண்டாம். தேர்தல் ஆட்டோக்கள் நம் ஊரில் எப்போதோ இதைச் செய்துவிட்டன. சபீரின் முகத்திலும் வெளிச்சம் வந்தது. ஆனால் ராஜமாணிக்கம் திரும்பியபோது எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கண் கலங்கியிருந்தது.

"அது என் பாட்டா வசந்தா? அது பொழப்பு. முப்பத்தஞ்சு வருஷமா மேடைல பாடறேன். எல்லாமே அடுத்தவங்க பாட்டு. இது ஒண்ணுதான் நானா எழுதி, நானா பாடினது. சாகறதுக்குள்ள ஒரு பாட்டாவது என்னோடதுன்னு இருக்கணும்னு நெனச்சேன். அதையும் பங்கு போட்டுட்டாங்க."

சபீர் அப்படியே மட்டைக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "தப்புதான் அண்ணே. முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க அழிக்கச் சொன்னா இப்பவே, உங்க முன்னாலயே அழிச்சுடறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை மத்தவங்களோடதைக் கேளுங்க. யாரும் உங்களோடதை எடுக்கலை."

"நான் கேக்கலை" என்றார்.

"நான் கேக்கறேன், போடுங்க தம்பி" என்றார் வசந்தா.

சின்ன ஒலிபெருக்கியை வாசல் படியில் வைத்தார் சபீர். மூட்டை விழுந்தது. கணக்கு டீச்சருக்கு வசந்தா சிரித்தார். ஆத்தூர் ஓட்டுநருக்கு, "பாவம், பச்சப் புள்ள" என்றார். பூங்கோதை தொடங்கியதும் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. கடைசியாக ராஜமாணிக்கத்தின் பாட்டு. நானும் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். சொற்கள் அருமை. குரல் மணி மாதிரி. ஆனால் அந்தக் குரலை நான் நூறு படங்களில் கேட்டிருக்கிறேன். அந்த இழுப்பு, அந்த மூச்சு, வரியின் கடைசியில் வரும் அந்தச் செல்லச் சிரிப்பு எல்லாமே தட்டியில் இருந்த பெரிய பாடகருடையது. அதை எப்படிச் சொல்வது? சபீர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த உப்பளத்துப் பொண்ணோடதை மறுபடி போடுப்பா" என்றார் ராஜமாணிக்கம். போட்டார். "இன்னொரு தடவை." மூன்றாம் முறையும் முடிந்தபோது ஈரக் கையோடு வந்து படியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு அது குரல்ல பாடுது. ஓட்டுநரு அவரு குரல்ல பாடறாரு. நான் மட்டும் இதுலயும் மிமிக்ரிதான் பண்ணியிருக்கேன், இல்ல?"

வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டை எழுதி, அதையும் இன்னொருவர் குரலில் பாடிவிட்டதாக ஒரு மனிதர் தன் வாயாலேயே சொல்வதைக் கேட்பது லேசான காரியமில்லை.

"அழிச்சுடு தம்பி" என்றார். சபீர் நிமிர்ந்தார். "அழிச்சுட்டு மறுபடி எடு. மைக்கு கொண்டுவந்திருக்கியா?"

3.40. நடு அறையில் மின்விசிறியை நிறுத்தியாயிற்று. கம்பளிக்குப் பதிலாக மெத்தை, தலையணை, வசந்தாவின் புடவைகள். முதல் முறை பாடினார். மூன்றாவது வரியில் பெரிய பாடகர் வந்துவிட்டார். இரண்டாம் முறை முதல் வரியிலேயே வந்தார். மூன்றாம் முறை பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்துக் காப்பாற்றியது. நான்காம் முறை அவரே கையை உயர்த்தி நிறுத்தினார். "என் குரல் எதுன்னே தெரியலையேப்பா. வாயைத் தொறந்தா அவருதான் வர்றாரு." வேர்வை சட்டையை நனைத்துவிட்டது. இந்த ஆட்டம் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வசந்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாடாதீங்க. மண்டியில லாரிக்குக் காய் எண்ணுவீங்களே, அந்த மாதிரி எண்ணுங்க. தெருக்கோடி வரைக்கும் கேக்குமே."

பட்டுக்கோட்டை மண்டிகளில் தேங்காயை எண்ணுகிறவர் ஒன்று என்று தொடங்கமாட்டார். லாபம் என்பார். பிறகுதான் இரண்டு, மூன்று. லாரியில் எறிகிற கைக்கும் எண்ணுகிற வாய்க்கும் இடையே இடைவெளி விழக்கூடாது என்பதால் ஒரு நீட்டல் வரும். ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். சபீர் தாளத்தைப் போட்டார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

மூட்டை விழும் இடத்தில் எண் விழுந்தது. கரகரத்த, அடிவயிற்றுக் குரல். கொஞ்சம் உடைந்த குரல். பத்து வரை எண்ணினார். பதினொன்றுக்குப் பதிலாக, "சாஞ்சது சாஞ்சு போச்சு, குழியை வெட்டுடா" என்றார். நிற்கவில்லை. கன்று வைத்ததையும், தண்ணீர் தூக்கி ஊற்றியதையும், முதல் பாளை வெடித்ததையும் அதே குரலில், லாரிக்காரரோடு தகராறு செய்கிற மாதிரியே சொல்லிக்கொண்டு போனார். பெரிய பாடகர் அந்தப் பக்கமே வரவில்லை. முடிந்தபோது சபீர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். நானும்தான். ஒரே முறைதான், மறுபடி எடுக்கத் தேவைப்படவில்லை.

போட்டுக் காட்டியபோது ராஜமாணிக்கம் சந்தேகத்தோடு மனைவியைப் பார்த்தார். "நல்லாவா இருக்கு? தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இல்ல?"

"இந்தக் குரலுக்குத்தானே கழுத்தை நீட்டினேன்" என்றார் வசந்தா, வெங்காயத்தை வதக்கிக்கொண்டே. "அந்த மேடைக் குரலு எனக்கு எப்பவுமே புடிக்காது."

"இத்தனை வருஷத்துல ஒரு நாளும் சொல்லலையே!"

"நீங்க கேக்கலையே."

எல்லோருக்கும் ரவா உப்புமா வந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்தவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். என்ன பெயர் போடுவது என்று சபீர் கேட்டதற்கு, சுவரிலிருந்த தட்டியைப் பார்த்துவிட்டு, "ராஜமாணிக்கம்னே போடு" என்றார்.

மாலை 5.45. தஞ்சாவூர்ப் பேருந்துக்காகக் காத்திருந்தோம். என்னை ரயிலேற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று சபீரும் கூட வந்தார். சென்னையில் என் அடுக்ககத்தில் ஒரே மாதிரி நாற்பது வீடுகள் இருக்கின்றன. ஒரே அளவு கூடம், ஒரே அளவு பால்கனி. உள்ளே இருப்பவர்களும் ஒரே மாதிரிதான் என்று நினைத்து, எதிர்வீட்டுக்காரரிடம் ஆறு வருடமாக வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. ஊருக்குப் போனதும் கதவைத் தட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தட்டுவேனா என்று தெரியாது. நினைத்தது என்னவோ உண்மை.

வழியனுப்ப வந்த ராஜமாணிக்கம் எங்கள் பையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பேருந்து வந்து நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் ஏதோ சொல்லத் தயங்கி ஜன்னலோரம் நின்றார். நடத்துநர் விசில் ஊதியதும் சபீரின் கையைப் பிடித்தார்.

"தம்பி, இன்னொரு பாட்டு மனசுல இருக்கு. அடுத்த மூட்டையைச் செஞ்சா எனக்கும் அனுப்பு." பேருந்து நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்துகொண்டு, காய் எண்ணுகிற குரலில் கத்தினார்: "ஊருக்கே குடு! எத்தனை பேரு வேணா பாடட்டும்!"